குவிமாடத்தின் காது

தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர். அங்கே நூறு வருஷத்துக்கும் மேலான கோர்ட்டுக் கட்டடம். அதன் குவிமாடத்தை எந்தப் புண்ணியவானோ ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்திருந்தான். பழைய கட்டடங்களைச் செப்பனிடும் பொறியாளர் ஷமீமா அதைப் பிரித்தெடுத்தாள். காற்றுப் பட்டதும், ஊறிப்போயிருந்த சுண்ணாம்புப் பூச்சு உலர்ந்து வெளுத்தது. மறுபடி மூடினால் உதிர்ந்துவிடும். நேரம் கிடைத்தபோதெல்லாம் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்; அப்படி ஒரு பித்து.

ஒரு மதிய இடைவேளையில், நீதிபதியின் நாற்காலியருகே சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் பொன்னாய் மிதந்தது, கண் சொருகியது. அப்போது தலைக்கு மேலிருந்து ஒரு குரல் இறங்கியது.

"வண்டிய ஓட்டுனது நாந்தான் சார். எம்புள்ள எனக்காவ பழிய ஏத்துக்கிட்டான்."

ஷமீமா திடுக்கிட்டாள். கூடத்தின் மறுகோடிப் பெஞ்சில் லாரி டிரைவர் கோமதிநாயகம், மகனுடைய வக்கீலிடம் காதோடு காதாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கிசுகிசுப்பைக் குவிமாடம்தான் வாங்கி இங்கே இறக்கியிருந்தது. லாரி மோதி ஒருவருக்குக் கால் போன வழக்கு. நாளை சாட்சி சொல்ல வேண்டியவர் அவர்.

"அதக் கூண்டுல ஏறிச் சொல்லுங்க," என்றார் வக்கீல்.

"சொல்லணும்னுதான் வாரேன். அங்க ஒரே பஸ் சத்தம். 'சத்தமா சொல்லு'ம்பாவ. அத்தன பேரு முன்னால இதச் சத்தமா சொல்ல நாக்கு எழ மாட்டுக்கு."

சாட்சிக் கூண்டு தெருப்பக்க ஜன்னலோரம் இருந்தது. அவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குக் கீழேயோ, தரையில் கூண்டின் அளவுக்கு ஒரு சதுரம் மட்டும் தேயாமல் மின்னியது. ஷமீமா அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். ஏன் என்று யோசித்ததில்லை.

வக்கீலிடம் சொன்ன ரகசியத்தை நீதிபதியிடம் போய்ச் சொல்வது துரோகம். குவிமாடம் ஒட்டுக்கேட்கிறது என்று தெரிந்தால் உடனே மூடச் சொல்வார்கள். வாயைத் திறக்காவிட்டால், தப்பே செய்யாத பையன் ஜெயிலுக்குப் போவான்.

ரகசியமும் காக்க வேண்டும், பையனும் தப்ப வேண்டும், குவிமாடமும் பிழைக்க வேண்டும். ஷமீமா என்ன செய்திருப்பாள், சொல்லுங்கள் பார்ப்போம்?

விடை: அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைப்பதுதானே அவள் வேலை? அனுமதி வாங்கிப் பெஞ்சை நகர்த்தினாள். சாட்சிக் கூண்டை அந்தச் சதுரத்தில் நிறுத்தினாள். குரல் எழாதவனின் சொல்லும் நீதிபதியைச் சேரட்டும் என்றுதான் அந்தக் குவிமாடத்தைக் கட்டியிருந்தார்கள். மறுநாள் கோமதிநாயகம் கூண்டில் தலைகுனிந்து முணுமுணுத்தார். கூடத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. "சத்தமா சொல்லுய்யா" என்று யாரோ அதட்டினார்கள். நீதிபதி கையை உயர்த்தினார்.

"வேண்டாம். எனக்குக் கேட்டது."