திறந்த வாயும் ஒரு பிடி அரிசியும்

பசியோடு இருப்பவர்கள் முதலில் போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வயிறு காய்ந்தவனிடம் நியாயம் கேட்டால் அவன் சோற்றின் பக்கம்தான் சாய்வான். இந்தக் கதைக்கு அது ஆகாது.

சீன தேசத்தில் ஒரு மலை. மலைமேல் தாவோ நெறித் துறவிகள், அடிவாரத்தில் நெல் பயிரிடும் ஜனங்கள். துறவிகள் அரிசி, தினை, கோதுமை எதையும் தொடமாட்டார்கள். மனித உடம்புக்குள் மூன்று புழுக்கள் குடியிருக்கின்றன, நாம் தின்னும் தானியம்தான் அவற்றுக்குத் தீனி என்பார்கள். தின்று கொழுத்த புழுக்கள் வானுலகத்துக்குப் போய் நம்மைப் பற்றிக் கோள் சொல்லி ஆயுளைக் குறைக்குமாம். நாம் செத்ததும் விடுதலை கிடைத்து உடம்பை விட்டு ஓடிவிடுமாம். தானியத்தை நிறுத்திப் புழுக்களைக் கொன்றுவிட்டால் மனிதனுக்குச் சாவே இல்லை. ஆகவே பைன் மரத்து விதையும் கிழங்கும் தின்று காலம் தள்ளினார்கள்.

அடிவாரத்திலோ, செத்தவர் வாயில் அரிசி போட்டே ஆகவேண்டும். நம் வாய்க்கரிசி மாதிரிதான். போடாவிட்டால் போனவர் பசியோடு வீடு வீடாக வாசலில் நிற்பார் என்று பயம். வேடிக்கை என்னவென்றால், அந்த ஜனங்கள் மேலே சொன்னதையும் நம்பினார்கள், கீழே செய்வதையும் நம்பினார்கள். மலையிலிருந்து இறங்கிவந்து எவரும் ஊருக்குள் சாகாதவரை இரண்டும் மோதிக்கொள்ளவில்லை.

லியாங் அந்த ஊர் விவசாயி. மழை பொய்த்த ஒரு வருஷம், "எனக்குள்ள இருக்கற புழுவைப் பட்டினி போடறேன்" என்று சொல்லித் தன் கிண்ணத்தை மனைவி சூயினின் பக்கம் தள்ளிவிட்டான். அவளுக்காகச் சொன்ன சாக்கு என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அடுத்த அறுவடை நன்றாக விளைந்து, அவள் புத்தரிசி வடித்து வைத்தபோதும் அவன் தொடவில்லை. சாக்கு எப்போது விரதமானது என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

பிறகு அவன் மலையேறினான். புறப்படும்போது அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "நீங்க செத்தா யாரு அரிசி போடுவா?"

"நீதான். வேற யாரு?" என்று சிரித்தான் லியாங். சாகப்போவதில்லை என்ற நினைப்பில் சிரித்தானா, மனதாரச் சொன்னானா? அவள் அதை வாக்காகவே எடுத்துக்கொண்டாள். மேலே போனவன் அங்கே இன்னொரு வாக்குக் கொடுத்தான்: "உயிருள்ளவரை என் வாயில் ஒரு மணி தானியமும் படாது."

பல வருஷங்கள் கழித்து, பனி கொட்டிய ஒரு காலையில், பாய்வென் என்ற சீடன் குருவாகிவிட்ட லியாங்கைத் தன் முதுகில் சுமந்து கீழே கொண்டுவந்தான். குரு கையால் வீட்டுப் பக்கம் காட்டியதாகச் சொன்னான். லியாங்குக்குப் பேச்சு நின்றிருந்தது. அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. சூயின் அவனைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். அவன் வாய் திறந்தது.

அவள் ஒரு கரண்டி கஞ்சியை ஊதி அவன் வாயருகே கொண்டுபோனாள். பாய்வென் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "வேண்டாம்மா. இத்தனை வருஷத் தவம். மூச்சு வாங்கத்தான் வாயைத் திறக்கறார்."

"பசிக்குது சாமி அவருக்கு. விடுங்க."

இருவரும் இழுபறியில் இருந்தபோதே லியாங்கின் உயிர் போய்விட்டது. வாய் திறந்தபடியே இருந்தது.

சவப்பெட்டி வந்தது. சூயின் ஒரு பிடி அரிசியோடு நின்றாள். பாய்வென் குருவின் வாய்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தான். "அவர் சாகலை. சிள்வண்டு கூட்டைக் கழட்டற மாதிரி உடம்பைக் கழட்டிட்டுப் போயிருக்கார். தானியம் போட்டுக் கெடுத்துடாதீங்க" என்றான்.

லியாங்கின் தம்பி கோங்குக்கு மலையையும் பகைக்க மனமில்லை, ஊரையும் பகைக்க மனமில்லை. "அண்ணி, அவர் தின்னதையே போடுவோம்" என்று சீடனின் பையிலிருந்து நாலைந்து பைன் விதையை எடுத்து அண்ணன் வாயில் போட்டான். ஊரார் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள்.

ஆணி அடிக்கும் நேரத்தில் சூயின் மூடியைத் தள்ளினாள். விதைகளை விரலால் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, தன் கையிலிருந்த அரிசியை அவன் வாயில் இட்டாள். அவள் அழுதாள். சீடனும் அழுதான். கோங் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்து முழித்தான்.

சீடன் தடுத்தான், தம்பி மாற்று வழி கண்டான், மனைவி அரிசியைப் போட்டாள். மூன்று பேரும் அவனுக்கு நல்லதுதான் நினைத்தார்கள். இதில் யார் செய்தது சரி? அவசரப்படாமல் சொல்லுங்கள்.

நான் சொல்வது இது. மனைவி செய்ததுதான் சரி. லியாங் கூட்டைக் கழற்றிப் போனவன் என்றால், பெட்டிக்குள் கிடப்பது வெறும் கூடு. அதில் அரிசி போட்டால் யாருக்கு என்ன கெடும்? சாதாரண மனிதனாகச் செத்தான் என்றால் அவனுக்கு வழியில் பசிக்கும், அரிசி வேண்டும். புழுக்களும் செத்த உடம்பில் தங்குவதில்லை என்று மலைக்காரர்களே சொல்கிறார்கள். உயிருள்ளவரை என்ற வாக்கும் அவன் கடைசி மூச்சுவரை நிறைவேறிவிட்டது. செத்த பிறகு என்று அவளிடம் சொன்னதுதான் மிச்சம், அதை அவள் நிறைவேற்றினாள். பைன் விதை ஊராரின் நிம்மதிக்காகப் போட்டது.

இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டேனே என்று நானும் எழுந்து போயிருப்பேன். ஆனால் அடக்கம் முடிந்து மலைக்குத் திரும்பும் வழியில் பாய்வென், சூயின் வீட்டு வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. "அம்மா, நெசமாவே அவருக்குப் பசிச்சுதா?" என்று கேட்டான்.

"அதை உங்ககிட்ட கேக்கலாம்னுதான் சாமி இருந்தேன்" என்றாள் அவள்.