வழுக்கி விழுந்த உடும்பு

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. அந்தக் குளத்துக்கு ஐந்து செந்நாய்கள் காவல். வெயில் காலத்தில் தண்ணீர் வற்றும்போது விலங்குகள் முட்டி மோதிச் சாகக் கூடாது என்று காடே கூடிப் பேசி அவற்றை அமர்த்தியிருந்தது. யார் எந்த நேரத்தில் குடிக்கலாம் என்று முறை வைத்திருந்தார்கள். முறை தவறினால் செந்நாய்கள் உறும வேண்டும். அவ்வளவுதான் வேலை. உறுமுகிற வாய்க்குள் பல்லும் இருக்கும் என்பதை அமர்த்தியபோது யாரும் பெரிதாக யோசிக்கவில்லை.

காவல் தலைவர் பெயர் வீரபத்திரன். தான் நடந்தால் தரை அதிரும் என்று அவரே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

ஒரு நாள் காலையில் சிங்காரம் என்ற ஆண் மயில் அகவிக்கொண்டு ஓடி வந்தான். புதரில் இருந்த தன் முட்டைகளைக் காணோம் என்றான். எந்தப் புதர், எத்தனை முட்டை, கடைசியாக எப்போது பார்த்தாய் என்று யாரும் கேட்கவில்லை. குளக்கரைப் பாறையில் சடையன் என்ற உடும்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தான். உடும்பு முட்டை தின்னும். சடையன் உடும்பு. விசாரணை அதோடு முடிந்துவிட்டது.

சும்மா இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பிவிடுவோம் என்று சொல்லித்தான் காவலர்கள் அவனைப் பாறைக்குப் பின்னால் அழைத்துப் போனார்கள். சடையனும் நம்பித்தான் போனான். அப்போது குளத்தில் பதினொரு பேர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பாறைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தபோது பதினொரு பேருக்கும் ஒரே நேரத்தில் தாகம் அதிகமாகி, தலையை இன்னும் கொஞ்சம் கீழே தாழ்த்திக்கொண்டார்கள்.

சாயங்காலம் சடையன் பிணமாகக் கிடந்தான். தப்பி ஓடப் பார்த்துப் பாறையில் ஏறினான், வழுக்கி விழுந்து செத்தான் என்று வீரபத்திரன் அறிவித்தார்.

உடும்பு வழுக்கி விழுந்ததாம்! செங்குத்துப் பாறையில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு தூங்குகிற இனம் அது. காட்டில் ஒருத்தராவது சிரித்திருக்க வேண்டாமா? சிரிக்கவில்லை. பாறை ஈரமாக இருந்திருக்கும் என்றது காட்டுப்பன்றி. மழை பெய்து நாலு மாதம் ஆயிற்றே என்று ஒரு முயல் முணுமுணுத்தது. அப்படியானால் பனி பெய்திருக்கும் என்றது பன்றி. அது சித்திரை மாதம். முயலும் யோசித்துப் பார்த்து, பனியாகத்தான் இருக்கும் என்று ஒத்துக்கொண்டது.

சிங்காரம் தோகை விரித்து ஆடினான். குரங்குகள் அத்திப்பழம் பறித்து வந்து வழியில் போகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தன. கொம்பையா என்ற புள்ளிமான் காட்டுமல்லிக் கொடியைக் கொண்டு வந்து வீரபத்திரன் கழுத்தில் மாலையாகப் போட்டான். செந்நாய் கழுத்துக்கு அவ்வளவு பக்கத்தில் போய்விட்டு உயிரோடு திரும்பிய முதல் மான் அவன்தான். அதைப் பெரிய கௌரவமாக நினைத்துக்கொண்டான்.

சடையனின் மனைவி செல்லாத்தாள் யாரிடமும் போய் அழவில்லை. புருஷனின் உடலை இழுத்துக்கொண்டு நேராக நீதிபதி யானையிடம் போனாள்.

"ஐயா, எதுவும் பேச வேணாம். கழுத்தை மட்டும் பாருங்க" என்றாள்.

யானை தும்பிக்கையால் தடவிப் பார்த்தார். கழுத்தில் நாலு ஓட்டைகள் இருந்தன. ஆழமாக, வரிசையாக இருந்தன. வீரபத்திரனைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, நம்ம பாறைக்கு எப்பப் பல்லு முளைச்சுது?"

அன்றைக்கே வீரபத்திரன் மேல் கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. காடு உண்டான நாளிலிருந்து ஒரு காவலர் மேல் அப்படி ஒரு குற்றம் சாட்டப்பட்டது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் காடு கொதித்தது. சடையன் செத்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத காடு, வீரபத்திரனுக்காக மூக்கைச் சிந்தி அழுதது. பாவம், அவருக்கும் குட்டிகள் இருக்கின்றன என்றன குரங்குகள். சடையனுக்கும் மூன்று குட்டிகள் இருந்தன. ஆனால் அவை உடும்புக் குட்டிகள். போன மாதம் அவர் காலில் முள் குத்தியதே, அதற்கு யார் வழக்குப் போட்டீர்கள் என்று பன்றி கேட்டது. கூப்பிட்ட மரியாதைக்குச் சடையன் கொஞ்சம் ஒத்துழைத்திருக்கலாம் என்றும் சொன்னது. கழுத்தை எந்தப் பக்கம் திருப்பி ஒத்துழைப்பது என்று அது விளக்கவில்லை.

காவலருக்கு ஆதரவாக ஊர்வலம் போனார்கள். முன்னால் நடந்தவன் கொம்பையா. அவன் தாத்தாவும் அப்பாவும் செந்நாய் வாயில்தான் போனார்கள். அதெல்லாம் அந்தக் காலம், இவர்கள் நல்ல செந்நாய்கள் என்று தொண்டை கிழியக் கத்தினான். காவலர்களின் மனம் நொந்தால் நாளைக்குக் குளத்தை யார் காப்பார்கள் என்றும் கேட்டான்.

மனம் நொந்த செந்நாய்கள் ஒரு நாள் முழுக்கக் காவலுக்கு வரவில்லை. அன்று எல்லாரும் முறைப்படி வந்து, குடித்துவிட்டு, சண்டை இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள். காவல் இல்லாமல் காடு தவித்துப்போனது என்று மறுநாள் எல்லாருமே பேசிக்கொண்டார்கள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. காவலரை அமர்த்தியது காடு என்பதால், காவலர் மேல் வழக்கு நடக்க வேண்டுமா என்பதையும் காடுதான் சொல்ல வேண்டும். வழக்கு வேண்டும் என்கிறவர்கள் குளத்தின் கிழக்குக் கரையில் நிற்க வேண்டும். வேண்டாம் என்கிறவர்கள் மேற்குக் கரையில் நிற்க வேண்டும். யானை நாள் குறித்தார். அந்த நாளில் செல்லாத்தாள் விடியும் முன்பே போய்க் கிழக்குக் கரையில் நின்றாள். மற்றவர்கள் வெயில் ஏறிய பிறகு ஒவ்வொருவராக வந்து மேற்குக் கரையில் நின்றார்கள். இடம் போதாமல் சிலர் தண்ணீருக்குள் நின்றார்கள்.

எண்ணுவதற்கு முன் கரை மாறிக்கொள்ள விட்டிருந்த நேரம் முடியப் போகும்போது மரகதம் வந்தாள். சிங்காரத்தின் மனைவி. அவள் பின்னால் நாலு மயில் குஞ்சுகள் நடந்து வந்தன. சிங்காரத்துக்குத் தோகை சுருங்கிப்போயிற்று. யானை, இவை யார் என்று கேட்டார்.

"எம் பிள்ளைங்கதான் ஐயா. பழைய புதர்ல எறும்பு வந்துருச்சு. அதனால இந்த வருசம் ஓடைப் பக்கம் முட்டை வெச்சேன். இந்த மனுசன் என்னைக்கு முட்டைப் பக்கம் வந்திருக்காரு, இதெல்லாம் தெரியறதுக்கு? போன வருசத்துப் புதரைப் பாத்துட்டுத் திருட்டுப் போச்சுன்னு சொல்லியிருக்காரு."

ஒரு முட்டைகூடத் திருட்டுப் போகவில்லை. ஆண் மயில் அடைகாப்பதில்லை, கூட்டை எட்டிப் பார்ப்பதும் இல்லை. அப்படிப்பட்டவன் கொடுத்த புகாரில் ஒரு உயிர் போயிருந்தது. இப்போதாவது நாலு பேர் கரை மாறுவார்கள் என்று செல்லாத்தாள் எதிர்க்கரையைப் பார்த்தாள்.

பன்றிதான் முதலில் சுதாரித்தது. இந்த முட்டையைத் திருடாவிட்டால் என்ன, வேறு ஏதாவது முட்டையைத் திருடியிருப்பான் என்றது. ஆமாம் ஆமாம் என்றார்கள் எல்லாரும். அவர்களுக்கு அப்பாடா என்றிருந்தது.

மரகதம் கிழக்குக் கரையைப் பார்த்தாள். பிறகு செந்நாய்கள் தன் குஞ்சுகளைப் பார்ப்பதைப் பார்த்தாள். குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேற்குக் கரைக்கே போனாள். அந்தக் கரையில் தலை குனிந்து நின்றவள் அவள் ஒருத்திதான்.

யானைக்கு வேறு வழி இல்லை. வழக்கு இல்லை என்று அறிவித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். வீரபத்திரனைத் தோளில் தூக்காத குறையாகக் கொண்டாடினார்கள். கொம்பையா இரண்டாவது மாலையும் போட்டான்.

பத்து நாள் கழித்துக் கொம்பையாவின் தம்பி முறை தவறித் தண்ணீர் குடித்தான். நாக்கு வறண்டிருந்ததால் கொஞ்சம் முந்திக்கொண்டான், அவ்வளவுதான். சாயங்காலம் பாறைக்குப் பின்னால் கிடந்தான். வழுக்கி விழுந்ததாகத்தான் இந்தத் தடவையும் சொன்னார்கள்.

கொம்பையா தம்பியின் கழுத்தைப் பார்த்தான். அன்றைக்குத்தான் அவனுக்கு எண்ணத் தெரிந்தது. நாலு ஓட்டைகள். யானையிடம் ஓடிப் போய்க் காலில் விழுந்தான். யானை அதே கரை வழக்கத்தைச் சொல்லி நாள் குறித்தார். கொம்பையா வீடு வீடாகப் போய்க் கெஞ்சினான். உன் தம்பி கொஞ்சம் ஒத்துழைத்திருக்கலாம் என்று பன்றி ஆறுதல் சொன்னது. குரங்குகள் மரத்தைவிட்டு இறங்கவே இல்லை.

அந்த நாளில் அவன் குளத்துக்கு வந்தான். மேற்குக் கரை நிரம்பியிருந்தது. அவன் கூட்டத்து மான்களும் அங்கேதான் நின்றன. கிழக்குக் கரையில் செல்லாத்தாள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தை நேராகப் பார்க்க அவனால் முடியவில்லை.

"உன் புருசனுக்கு நான் எதிர்க்கரையில நின்னேன். எனக்காக நீ எப்படி வந்த?" என்று கேட்டான்.

"உனக்காக நான் வரல கொம்பையா. என் புருசனுக்காக அன்னைக்கு இங்க வந்து நின்னேன். இன்னும் வீட்டுக்குப் போகல."

கொம்பையா அவள் பக்கத்தில் போய் நின்றான். யானை எண்ணினார். அந்தக் கரையில் இரண்டு பேர் இருந்தார்கள். வீரபத்திரனுக்கு மாலை போட அன்றைக்கு வேறொரு மான் கிடைத்தது.

நீதி: காவலுக்கு நிற்கிறவர் கொன்றாலும் அது கொலைதான், அதைச் சொல்ல நம் வீட்டில் பிணம் விழும்வரை காத்திருந்தால், அப்போது நம் பக்கத்தில் வந்து நிற்க ஆள் இருக்காது.