அண்ணன் வீசிய பைப்

குன்னூரில் மோசஸ் என்று ஒருவர். பகலில் பல் செட் செய்வார். சாயங்காலம் வீட்டுச் சமையல்மேடையில் பழைய புகையிலை பைப்களைச் சரிசெய்வார். வயது நாற்பத்திரண்டு.

அவரிடம் இந்த வேலை கற்றுக்கொள்ளும் சீடர் வரதனுக்கு அறுபத்தொன்பது. தேயிலைத் தொழிற்சாலையில் அதிகாரம் பண்ணி ஓய்வு பெற்றவர். வயசைப் பார்த்தால் வேலை படியுமா? மோசஸை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்.

அன்று வரதன் ஒரு பைப்பின் புகையிலை அடைக்கும் கிண்ணத்துக்குள் கத்தியை விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார். கரி பொலபொலவென்று உதிர்ந்தது.

"யாரோடது சார்?"

"அண்ணனோடது. அம்மா படுத்த படுக்கையா இருந்தப்போ யார் பார்த்துக்கிட்டதுன்னு சண்டை. இதை என் மேல வீசினார். எடுத்துட்டு வந்துட்டேன். பேச்சு நின்னு பதினோரு வருஷம்."

"அடி பட்டுதா?"

"குறி தப்பிடுச்சு. அவருக்கு எல்லாமே அப்படித்தான்."

மோசஸ் சிரித்தார்.

"ஞாயித்துக்கிழமை கோத்தகிரி போறேன், மாஸ்டர். இதைக் கையில கொடுத்துட்டு, அன்னிக்கு யார் என்ன சொன்னோம்னு ஒண்ணு விடாம பேசித் தீர்த்துடணும். அவருக்கு எழுபத்தஞ்சு. இன்னொரு தடவை வாய்க்காது."

"சரி. இன்னும் எவ்வளவு சுரண்டப் போறீங்க?"

"மரம் தெரியற வரைக்கும். அழுக்குதானே?"

மோசஸ் கத்தியைப் பிடுங்கினார். அலமாரியிலிருந்து இரண்டு பைப்களை எடுத்தார். ஒன்றில் உள்ளே வழவழவென்று வெறும் மரம். மற்றதில் ஒரு ரூபாய்க் காசு கனத்துக்குக் கரி. இரண்டிலும் ஒரே புகையிலையை அடைத்தார். பற்றவைத்து, மாற்றி மாற்றி இழுத்தார்.

"பிடிங்க. கைக்கு ஒண்ணு."

பிடித்த வேகத்தில் வெறும் மரத்தை மேடைமேல் போட்டார் வரதன்.

"சுடுது, மாஸ்டர்!"

"இன்னொண்ணு?"

"இதமா இருக்கு."

"கரி நடுவுல நிக்குது. அதையும் எடுத்துட்டா நெருப்பு மரத்தைத் தின்னும். நாலு நாள்ல ஓட்டை."

வரதன் அண்ணனின் பைப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நல்லவேளை, மரம் இன்னும் தெரியவில்லை. துணியால் தூளை மட்டும் துடைத்தார். கத்தியைத் திரும்பக் கேட்கவில்லை.

பைப்பைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அப்போ அண்ணன்கிட்ட என்னதான் பேசறது?"

"புகையிலை எங்கே வாங்கறீங்கன்னு கேளுங்க."