சுவரில் தொங்கிய முகம்

மொந்தால்வா நகரில் சபை என்று ஒன்று பேருக்கு இருந்தது. அதை ஆட்டிவைத்தது வங்கி நடத்திய பெல்தூரி குடும்பம். சபையினரில் பாதிப்பேர் அந்த வீட்டு மாப்பிள்ளைகள். மீதிப்பேர் மாப்பிள்ளையாக ஆசைப்பட்டவர்கள். அப்புறம் யார் வாயைத் திறப்பது?

அந்த ஊரில் ஒரு பொல்லாத வழக்கம். துரோகி தப்பி ஓடிவிட்டால், அவன் தலைகீழாகத் தொங்குவதுபோல் சபை மண்டபச் சுவரில் வரைந்துவிடுவார்கள். பிறகு அந்த முகம் உள்ளவனை யார் கண்டாலும் கொல்லலாம், கேள்வி கிடையாது.

உப்புவரியை எதிர்த்து மலை இடையர்களைக் கிளப்பிவிட்ட லாப்போ தலைமறைவானான். நகரத்தில் அவன் முகம் அறிந்தவர்கள் மிகச் சிலர். ஓவியன் நூத்தோ அவர்களில் ஒருவன். பெல்தூரிகளின் வீட்டுச் சிற்றாலயத்தில் தேவதூதனை வரைந்தபோது லாப்போவைத்தான் மாதிரியாக நிறுத்தியிருந்தான். அந்த முகம் பிடித்துப்போய், குடும்பத் தலைவர் ஒர்மானோ லாப்போவுக்கு ஒரு மேலங்கிகூடக் கொடுத்தார். தினமும் அந்தத் தூதன் முன்தான் மண்டியிட்டு ஜெபிப்பார்.

லாப்போவைச் சுவரில் வரைய நூத்தோவுக்கே உத்தரவு வந்தது. அவனுக்கு மனம் கேட்கவில்லை. அகன்ற நெற்றியும் பிளந்த உதடுமாக, இல்லாத ஒரு முகத்தை வரைந்துவைத்தான். லாப்போவின் மனைவி பீச்சேயை, முகம் சரிதானா என்று சொல்ல, இழுத்துவந்து நிறுத்தினார்கள். நூத்தோ வேண்டுமென்றே மாற்றி வரைந்திருக்கிறான் என்று பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என் வீட்டுக்காரர்தான்," என்று சொல்லி அழுதாள்.

ஒர்மானோ வந்து வெகுநேரம் பார்த்தார். நல்ல வேலை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இல்லாத முகம் என்று உலகத்தில் ஒன்று உண்டா? சந்தைக்கு அதே அகன்ற நெற்றியும் பிளந்த உதடுமாக ஒரு பானை வியாபாரி வந்தான். வெளியூர்க்காரன், பேர் சான்தி. பானைகளை இறக்குவதற்குள் கூட்டம் சூழ்ந்துகொண்டது. தன் ஊரில் விசாரிக்கச் சொல்லிக் கதறினான். யாருக்குப் பொறுமை? அடித்தே கொன்றார்கள், பாவிகள். நூத்தோவும் பீச்சேயும் அங்கேதான் நின்றார்கள். உண்மையைச் சொன்னால் லாப்போவின் உயிர் போகும் என்று பேசாமல் இருந்தார்கள்.

பொய்யாய் வரைந்தவன், பொய்சாட்சி சொன்னவள், அடித்த கூட்டம், ஒர்மானோ. சொல்லுங்கள், சான்தியைக் கொன்ற பழியில் பெரும்பங்கு யாருக்கு?

என்னைக் கேட்டால் ஒர்மானோவுக்கு. கூட்டம் ஏமாந்தது. மற்ற இருவரும் ஓர் உயிரைக் காக்கப் பொய் சொன்னார்கள், அந்தப் பாவம் அவர்களை விடாது. அவரோ தினமும் லாப்போவின் முகத்தைப் பார்த்தவர். இது வேறு முகம் என்று தெரிந்தே சும்மா இருந்தார். ஊர் நடுங்க அவருக்கு ஒரு பிணம் போதும். ஆனால் இந்தத் தீர்ப்பை எந்தச் சபையில் போய்ச் சொல்வது? சான்தியின் ஊரார் தேடிவந்து விஷயம் வெளிப்பட்டதும், பீச்சேயைச் சிறையில் போட்டார்கள். ஒர்மானோ நூத்தோவைச் சிற்றாலயத்துக்கு அழைத்துப்போய்த் தேவதூதனைக் காட்டினார்.

"இதைப் பார்த்துச் சுவரைத் திருத்து," என்றார்.

நூத்தோ ஏணியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனான்.