தண்ணீர் குறித்த தீர்மானம்

"அம்மையே, எங்கள் பேரவையில் இன்னும் மூன்று நாடுகளைச் சேர்த்துவிட்டால் போதும். எல்லாம் சரியாகிவிடும்" என்றார் மாறனார்.

மலையேறி வந்த மூச்சிரைப்பு அவருக்கு இன்னும் அடங்கவில்லை. ஏழு நாடுகள் கூடிய அந்தப் பேரவைக்கு விதிநூல் எழுதியவர் அவர். நூலில் பாதி முன்னுரை.

தம்மைவிட இளையவரான பூதி அம்மையிடம் பாடம் கேட்பதில் அவருக்கு வெட்கம் கிடையாது. தலைப்பாகையைக் கழற்றாமல் கேட்பார், அவ்வளவுதான்.

"எது சரியாக வேண்டும்?"

"எங்கள் ஆறு வறண்டுவிட்டது. மேலே முகில் நாட்டார் அணை கட்டி மறித்துவிட்டார்கள். நாற்றெல்லாம் கருகுகிறது. என் தம்பி மாடுகளை அவிழ்த்துவிட்டு, குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டான்."

"முகில் நாடு உங்கள் பேரவையில் இல்லையோ?"

"முன்வரிசையில் இருக்கிறது."

"கேட்கலாமே."

"இரண்டு நாடுகளுக்கு இடையிலான விவகாரத்தைச் சபையில் எழுப்பக் கூடாது. அது விதி."

மாறனார் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் எழுதியது. அதனால்தான் எங்கள் சபையில் இதுவரை ஒரு சண்டை கிடையாது. விருந்து உண்டு. கலைவிழா உண்டு. சிறுவர்களுக்கு ஓவியப் போட்டிகூட உண்டு."

"நல்லது. குடிக்க ஏதாவது வேண்டுமா?"

"தண்ணீர் போதும். நாக்கு ஒட்டிக்கொள்கிறது."

அம்மை கைதட்டினார். சீடர்கள் வந்து முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அவர்களில் பருமனான கூத்தன் ஒரு மண்குடத்தை மடியில் வைத்து அணைத்துக்கொண்டான்.

"மாறனாருக்குத் தாகம்" என்றார் அம்மை. "சபை பேசட்டும்."

"தண்ணீர் உயிருக்கு ஆதாரம்" என்றான் ஒரு சீடன்.

"நம் எல்லோருக்கும் ஒரே தாகம்" என்றான் அடுத்தவன்.

"தண்ணீர் குறித்து நாம் ஆண்டுதோறும் கூடிப் பேச வேண்டும்" என்றான் மூன்றாமவன்.

கரவொலி எழுந்தது.

மாறனார் சிரித்தார். விளையாட்டு அவருக்குப் புரிந்தது.

"சரி அம்மையே, போதும். குடம் கூத்தனிடம் இருக்கிறது. கொடுக்கச் சொல்லுங்கள்."

"சேச்சே! அது உங்கள் இருவர் விவகாரம். நான் எப்படி வாய் திறப்பது?"

"கூத்தா, நீயே கொடப்பா."

"கொடுப்பதற்கென்ன, ஐயா" என்றான் கூத்தன். "உமக்குக் கொடுத்தால் பக்கத்திலிருப்பவர் கேட்பார். அப்புறம், எனக்கே பிறகு தாகம் எடுக்காதா?"

"நியாயம்தான்" என்றது சபை.

"ஆள் குறைவு. அதுதான் கோளாறு" என்றார் அம்மை.

அடுக்களையிலிருந்து மூன்று பெண்கள் வரவழைக்கப்பட்டார்கள். வட்டம் பெரிதாயிற்று. அவர்களும் தண்ணீரைப் பற்றி நன்றாகவே பேசினார்கள். தாகத்துக்கென்று ஒரு மண்டபம் கட்டி, அதற்கொரு செயலாளரை அமர்த்தலாம் என்றாள் ஒருத்தி. அம்மை தலையசைத்தார்.

வெயில் ஏறியது.

மாறனாருக்குச் சிரிப்பு வரவில்லை. எச்சில் விழுங்கிப் பார்த்தார், விழுங்க ஒன்றுமில்லை. அவிழ்த்துவிட்ட மாடுகள் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று நினைத்தார். தம்பியின் குழந்தைகளை நினைத்தார்.

எழுந்து போய்க் குடத்தின் கழுத்தைப் பிடித்தார்.

கூத்தன் விடவில்லை.

"விடுடா!"

வாழ்நாளில் அவர் யாரையும் அப்படி அதட்டியதில்லை. கூத்தன் இழுத்தான். அவரும் இழுத்தார். தலைப்பாகை சரிந்து விழுந்தது. அவர் அடிக்கக் கை ஓங்கினார்.

குடம் கல்லில் மோதி உடைந்தது.

யாரும் குனிவதற்குள் தண்ணீர் மண்ணுக்குள் போய்விட்டது. ஓடுகள் மட்டும் ஈரமாகக் கிடந்தன.



பிறகு சபை ஒரே குரலில் தன் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்தது.

அதில் எல்லோரையும்விட எடுப்பாக ஒலித்தது தம்முடைய குரல்தான் என்பது மாறனாருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.