பூதன் நின்ற இடங்கள்

"என்னைப் போய் எழுபத்தொன்று வாங்கியவனோடு உட்கார வைத்தீர்களே, அம்மா" என்றான் சாத்தன்.

மலையடிவாரப் பள்ளியின் ஆசிரியை சேந்தியம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நீ எவ்வளவு?"

"நூறு."

"அப்புறம் என்ன குறை?"

மலைமேல் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. மாணவர்களைச் சேர்த்துக்கொண்டதைவிடத் திருப்பி அனுப்பியே பேர் வாங்கியது. கீழ்ப் பள்ளிகளிலிருந்து அங்கே மாற விரும்புகிறவர்கள் நூறு நூற்பாக்களை நிற்காமல் ஒப்பிக்க வேண்டும். நின்ற இடத்துக்கெல்லாம் ஒரு மதிப்பெண் போகும். ஏன் நின்றாய் என்று யாரும் கேட்பதில்லை. அது பாடத்திட்டத்தில் இல்லை.

சாத்தனும் அவனோடு உட்கார்ந்து படித்த பூதனும் சேர்ந்தே தேர்வுக்குப் போனார்கள். நாளைக் காலை சாத்தன் மட்டும் மலையேறுகிறான்.

"நல்ல துணை கிடைத்திருந்தால் எப்போதோ போயிருப்பேன். நான் ஒப்பிப்பேன், அவன் உட்கார்ந்து கேட்பான். அவ்வளவுதான்."

"அவன் ஒப்பித்து நீ கேட்டிருக்கிறாயா?"



அந்தப் பள்ளியில் இருவர் இருவராகத்தான் படிப்பார்கள். ஒருவன் ஒப்பிக்க மற்றவன் கேட்டுத் திருத்துவான். பிறகு மாறிக்கொள்ள வேண்டும் என்பது விதி. விதிக்கு உரை சொல்கிறவர்கள் 'நேரம் இருந்தால்' என்று சேர்த்துக்கொள்வார்கள்.

"நேரம் இல்லை, அம்மா."

"இன்று இருக்கிறது. கேட்டுவிட்டுப் போ."

பூதன் உள்ளே சாத்தனின் வேட்டிகளை மடித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

"ஒப்பி" என்றான் சாத்தன்.

"நானா? இப்போது எதற்குடா?"

"அம்மா சொன்னார்."

பூதன் தொடங்கினான். தெளிவான குரல். ஏழாவது நூற்பாவின் நடுவில் நின்றான். சாத்தன் எடுத்துக்கொடுக்க வாய் திறப்பதற்குள் தானே தொடர்ந்தான். பன்னிரண்டில் மறுபடி நின்றான். அப்புறம் இன்னோர் இடம். ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

"தெரிந்துகொண்டே ஏண்டா நிற்கிறாய்?"

"நின்றேனா?"

பூதன் கையிலிருந்த வேட்டியைப் பார்த்தபடி யோசித்தான்.

"ஏழில் உனக்கு நாக்கு இடறும். பன்னிரண்டில் மூச்சு வாங்கும். நீ வந்து சேரட்டும் என்று மனதுக்குள் நிற்பேன். அப்படியே பழகிவிட்டது போலிருக்கிறது."

"எனக்கு இப்போது எங்கேயும் இடறுவதில்லையே."

"ஆமாம்" என்றான் பூதன், சந்தோஷமாக. "இப்போது இல்லை."

சாத்தன் ஆசிரியையிடம் ஓடினான்.

"அம்மா, அவனுக்கு எல்லாம் தெரியும். மேலே போய்ச் சொன்னால்..."

"சொன்னேன். நின்றானா இல்லையா என்று கேட்டார்கள்." அவர் காம்புகளை ஒதுக்கினார். "நின்றான்தானே."

சாத்தன் கேட்டான்: "நான் போகாமல் இருந்துவிடட்டுமா?"

"மூட்டையைக் கட்டிவிட்டான். அவிழ்க்கச் சொல்ல எனக்கு மனம் வராது. நீ சொல்வாயா?"



காலையில் மலைப்படி தொடங்கும் இடம்வரை பூதன் மூட்டையைச் சுமந்து வந்தான். அதற்குமேல் தேர்வில் வென்றவர்கள்தான் போகலாம்.

மேலே ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பாய். எதிரே யாரும் உட்காருவதில்லை. முதல் நாள் பேராசிரியர் சாத்தனை ஒப்பிக்கச் சொன்னார்.

ஏழாவது நூற்பாவின் நடுவில் அவன் நின்றான்.

"மறந்துவிட்டதா?"

"இல்லை, ஐயா."

பேராசிரியர் ஒரு மதிப்பெண்ணைக் கழித்தார்.