கரிச்சான் வாலில் உட்கார்ந்த நெருப்பு

கிட்டத்தில் வந்து உட்காருங்கள். இன்னும் கிட்டே. இது காற்றுக் கதை. தள்ளி உட்கார்ந்தால் பாதியைக் காற்றே கொண்டுபோய்விடும்.

அந்தக் காலத்தில் பறவைகளெல்லாம் பேசும். ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியும்; மதிக்கத்தான் மாட்டார்கள். கடவுள் பேசினால் நம் பாஷையில்தான் பேசுவார் என்று ஆளாளுக்கு ஒரு நினைப்பு.

எங்கள் தேரிக்காட்டில், சிவப்பு மணல்மேட்டுக்குக் கீழே ஒரு பள்ளம். அங்கே கவுதாரி ஒருத்தி ஏழு குஞ்சு பொரித்திருந்தாள். பொரித்து இரண்டே நாள். ஓடத் தெரியும், பறக்கத் தெரியாது. பக்கத்துப் பனை உச்சியில் கரிச்சான். அப்போது அவன் சாம்பல் நிறம், வால் முழு வால், குரல் ஒரே கரகரப்பு. ஆனால் காது இருக்கிறதே! எந்தப் பறவை எப்படிக் கூப்பிடும் என்பதெல்லாம் கேட்டுக் கேட்டு அவனுக்கு மனப்பாடம்.

ஒருநாள் காலை. எருசலேமில் மேல்வீட்டில் கூடியிருந்த சீடர்கள்மேல் பெருங்காற்று இறங்கியதே, நெருப்பு நாக்கு நாக்காக வந்து உட்கார்ந்ததே, பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் தங்கள் தங்கள் பாஷையிலே தேவனுடைய மகத்துவத்தைக் கேட்டார்களே, அதே பெந்தெகொஸ்தே நாள்! அந்தக் காற்று அந்த வீட்டோடு நிற்குமா? கடலைத் தாண்டி ஹோவென்று எங்கள் தேரிக்கும் வந்தது! பனையோலையெல்லாம் படபடவென்று கை தட்டியது. நெருப்பு நாக்கு ஒன்று இரண்டாகப் பிரிந்து, கரிச்சான் வாலில் வந்து உட்கார்ந்தது. சுடவில்லை. வால்தான் இரண்டாகப் பிளந்தது, ஆள் கன்னங்கரேலென்று ஆகிவிட்டான். உள்ளே ஒரு குரல் கேட்டது:

"பின்னாலேயே மேல்காற்று வருகிறது. உச்சிப்பொழுதுக்குள் மணல்மேடு அந்தப் பள்ளத்தை மூடிவிடும். தெற்கே உடைமரம் நிற்கிற உடங்காட்டுக்குக் கவுதாரியை ஓடச் சொல்."

கரிச்சான் விழுந்தடித்துக்கொண்டு கீழே வந்தான். "மதினி! எழுந்திருங்கள்! பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடுங்கள்! கடவுள் சொல்லிவிட்டார்!"

அங்கே மேய்ந்துகொண்டிருந்த மயில் கழுத்தை நீட்டியது. "யாரிடம், உன்னிடமா? ஏலே, விடிந்து பனைநிழல்கூடக் குறுகவில்லை. அதற்குள் கள்ளுக் கலயத்தில் தலையை விட்டுவிட்டாயா?"

கவுதாரியும் சிரித்தாள். "கடவுளுக்கு என் வீட்டுக்கு வழி தெரியாதா கொழுந்தனாரே? என்னோடு பேசுவதென்றால் கவுதாரி பாஷையில் பேசுவார். உம்முடைய கரகரப்பிலா வருவார்?"

மேட்டிலிருந்து மணல் சரசரவென்று இறங்க ஆரம்பித்துவிட்டது. கரிச்சானுக்குப் பதற்றம். பயமுறுத்தினாலாவது ஓடுவாள் என்று நினைத்து, வல்லூறு மாதிரியே கீச்சென்று கத்தினான்.

அங்கேதான் தப்புச் செய்தான். வல்லூறு சத்தம் கேட்டால் கவுதாரிக் குஞ்சு ஓடுமா? ஓடாது! மண்ணோடு மண்ணாக ஒட்டிப் படுத்துக்கொள்ளும். ஏழும் படுத்துவிட்டன. தாய் ஒரு புதருக்குள் பாய்ந்து மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். மணல் அந்த ஏழு முதுகின்மேலும் விழுகிறது, விழுகிறது.

"வல்லூறு இல்லை மதினி, நான்தான்!"

யார் நம்புவது?

கரிச்சான் பள்ளத்தின் நடுவில் இறங்கினான். பயத்தைக் காட்டினால் படுத்துக்கொள்கிறவர்களை எப்படி எழுப்புவது? கண்ணை மூடினான், வாயைத் திறந்தான். வந்தது அவன் குரல் இல்லை. இரை கண்ட தாய்க்கவுதாரி தன் பிள்ளைகளைக் கூப்பிடுமே, அந்தக் குரல்! இழையளவு பிசகில்லை!

மணலுக்குள்ளிருந்து ஒரு தலை எழுந்தது. இன்னொன்று. ஏழும் உதறிக்கொண்டு எழுந்தன!

புதருக்குள் இருந்த கவுதாரிக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் குஞ்சாக இருந்தபோது அவளைக் கூப்பிட்ட அம்மா குரல் அல்லவா அது! "வந்துவிட்டேன், வந்துவிட்டேன்!" என்று வெளியே ஓடிவந்தாள். கரிச்சான் தாழப் பறந்து கூப்பிட்டுக்கொண்டே போக, பின்னால் தாய், தாய்க்குப் பின்னால் ஏழு. நடுவில் ஒருமுறை திரும்பி தாய்மயில் குரலில் ஓர் அகவல் விட்டான் பாருங்கள், அந்தப் பெரிய மனுஷன் தோகையைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஓட்டம்!

உடங்காட்டுக்குள் போய்த் திரும்பிப் பார்த்தால் பள்ளமே இல்லை. மணல் மட்டும்தான்.

கவுதாரிக்கு மூச்சு வாங்கியது. "கொழுந்தனாரே, உம்முடைய வாயில் வந்தது கடவுள்தான். தெரியாமல் சிரித்துவிட்டேன். இனிமேல் நீர் இருக்கிற மரத்தடியை விட்டுப் போகமாட்டேன்."

அன்று முதல்தான் கரிச்சானுக்கு உடம்பு கறுப்பு, வால் இரண்டு. அன்று முதல்தான் சின்னப் பறவைகள் அவன் இருக்கிற மரமாகப் பார்த்துக் கூடு கட்டுகின்றன. அவனும் விடியுமுன்னே எழுந்து, ஒவ்வொருவரையும் அவரவர் தாய் குரலிலேயே கூப்பிட்டு எழுப்புகிறான்.